இரண்டு படி கீழே

சித்திகா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உஸ்மானின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. சிட்டிபாபு. எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து கண்ணே திறக்காமல் கிடந்த மனுஷன், தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்ததும் விழித்துவிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடு."

"அண்ணி, மன்னிச்சுக்கோங்க. இந்த நேரத்துல பேஜார் பண்றேன். வேற வழி தெரியல." சிட்டிபாபு, உஸ்மானின் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வண்டலூர்க் கல்யாண மண்டபத்திலிருந்து பேசினான். பின்னால் யாரோ மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "பாய், சாம்பசிவன் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கினு பேச்சே வரல. ஆறரைக்குப் பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுறாங்க. வாழ்த்துப் பாட்டை ஜெயஸ்ரீதான் பாடணும். நீங்க போட்ட சுருதி அவளுக்கு ரொம்பக் கீழ கீது."

அந்த வாழ்த்துப் பாட்டு உஸ்மானே மெட்டுப் போட்டது. பகலில் பெருங்களத்தூரில் பைக் சீட்டு தைக்கிற கடை, சாயங்காலமானால் கிடார் என்று ஓடிய வாழ்க்கை அவருடையது. இருபத்திரண்டு வருஷமாகத் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அவர் குழு வாசித்த கல்யாணம் அத்தனையிலும் மணமக்கள் அந்தப் பாட்டோடுதான் மேடையேறினார்கள். இப்போது வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி ஒன்பது நாளாகிறது.

"சி சுருதில ஆரம்பிச்சா அவளுக்குச் சரியா வருது பாய். ஆனா கடைசிச் சரணத்துல சுருதி ஏறுமே, அங்க டி-க்குப் போனதும் கத்துறா மாதிரி ஆயிடுது. அந்த ஏத்தத்தை மட்டும் இன்னிக்கு வுட்டுடலாமா?"

"வுடாத" என்றார் உஸ்மான்.

சத்தம் எழவில்லை. சித்திகாதான் குனிந்து கேட்டுச் சொன்னாள். "விட வேணாங்கறாரு தம்பி."

அவளுக்கும் அது தெரியும். அந்த இடத்தில் பாட்டு மொத்தமாக எழும்பும்போது, இலையில் கை வைத்தவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அதை எடுத்துவிட்டுப் பாடினால், பாதிச் சாப்பாட்டில் பந்தியை எழுப்பிவிட்ட மாதிரிதான் இருக்கும்.

உஸ்மானின் இடது கை விரல்கள் போர்வையின்மேல் ஒவ்வொன்றாக அழுந்தின. மடங்கின. மறுபடி அழுந்தின. ஒன்பது நாளில் அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"சித்திகா, எழுது."

அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சி-ல ஆரம்பிக்க வேணாம். சி-ல போய்ச் சேரணும்." மூச்சு வாங்கினார். "அவளுக்கு எது வசதியோ, அதைக் கடைசிக்கு வெச்சிக்கோ. அதுலேர்ந்து ரெண்டு படி கீழ எறங்கி நின்னு ஆரம்பி. பி ஃப்ளாட்."

அவள் அதை அப்படியே சொன்னாள். மறுமுனையில் சிட்டிபாபு கத்தினான்.

"யப்பா! பாய்! இது எனக்குத் தோணலியே! ஏய் ஜெயஸ்ரீ, இங்க வா! நீ டி-க்கே போக வேணாம்!"

உடனே அடுத்த கவலை. உஸ்மானுக்குப் பதிலாகக் கிடார் வாசிக்க வந்திருந்த ஜெஃப்ரி பள்ளிக்கூட வாத்தியார். சர்ச்சில் வாசித்துப் பழகியவர். புது சுருதிக்கான கார்டுகளை, அந்தச் சுரக் கூட்டுகளை, ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவாரா?

"மூணாவது கட்டத்துல காப்போ மாட்டச் சொல்லு" என்றார் உஸ்மான். கிடாரின் கழுத்தில் மாட்டுகிற கவ்வி அது. "வெரல் பழகுன எடத்துக்கே போவும். பாட்டு தன்னால மேல வந்துரும்."

பேஸ் கிடார் வாசிக்கிற ஜெபராஜுக்குத்தான் முழுசாக எழுத வேண்டியிருந்தது. உஸ்மான் சொல்லச் சொல்லச் சித்திகா தமிழிலேயே எழுதினாள். பி ஃப்ளாட், ஜி மைனர், ஈ ஃப்ளாட், எஃப். கல்யாணமான புதிதில் அவர் யாரிடமோ போனில் "ஈ ஃப்ளாட்" என்று பேசியதைக் கேட்டுவிட்டு, வீடு பார்க்கிறார் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியவள் அவள். இப்போது அதை நினைத்துச் சிரித்துவிட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்கும் தெரிந்தது.

"கடைசி வரைக்கும் வாங்கவே இல்ல" என்றார்.

"பேசாம கார்டைச் சொல்லுங்க."

"ஏறுறதுக்கு முன்னாடி ஜி செவன். நாலு தட்டு அங்கயே நிக்கணும். எல்லாரும் சேர்ந்து நிக்கணும்."

படம் எடுத்து அனுப்பினாள். ஜெபராஜிடமிருந்து இரண்டு கட்டை விரல்கள் வந்தன.

பாங்கு சொன்னதும் உஸ்மானின் அண்ணன் அத்தாவுல்லா மஃரிபு தொழுகைக்குப் போனார். கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சிட்டிபாபு மறுபடி கூப்பிட்டான்.

"பாய், போனைக் கீபோர்டு பக்கத்துல வெச்சிடறேன். கட் பண்ணாதீங்க. கேளுங்க."

நாதஸ்வரம் நின்றது. ஜெஃப்ரி தாளத்தோடு கார்டைத் தட்டினார். ஜெயஸ்ரீ எடுத்தாள், நிதானமாக, தாழ்வாக. உஸ்மான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் சரணம் முடியும்போது அவர் மூச்சு மாறியது. மார்பு ஏறி, நின்று, யோசித்து இறங்கியது.

சித்திகாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையில் போன். இன்னொரு கையை அவர் நெற்றியில் வைத்து, காதோடு வாயை வைத்து, உயிர் பிரியும்போது சொல்கிற கலிமாவைச் சொன்னாள். பாட்டை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அவர் உதடு அசைந்தது. இரண்டாவது முறை சொன்னபோதும் அசைந்தது. மூன்றாவது முறை அவள் மட்டும்தான் சொன்னாள்.

போனில் எல்லா வாத்தியமும் ஒரே கார்டில் வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பாட்டு ஏறியது.

ஜெயஸ்ரீயின் குரல் கதவைத் தள்ளித் திறந்த மாதிரி வந்தது. மண்டபம் கூச்சலிட்டது. சித்திகாவுக்குத் தோள் வரை சிலிர்த்தது. புருஷன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இப்படிச் சிலிர்க்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிலிர்த்தது.

வாசலில் நிழலாடியது. அத்தாவுல்லா. தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அலறுவதற்கு அவர் வாய் திறந்தபோது சித்திகா போனைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மச்சான், கல்யாண வூடு" என்று உதடு மட்டும் அசைத்தாள்.

தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு மேலே சிட்டிபாபு கத்தினான். "அண்ணி! கேட்டீங்களா! மாப்பிள்ளையே விசில் அடிக்கிறாரு! பாய் இன்னா சொல்றாரு?"

"நல்லா ஏறிச்சு தம்பி."

"பாய் சொன்னாரா?"

"நான்தான் சொல்றேன். அடுத்த பாட்டை ஆரம்பிங்க. ஆளுங்க காத்திருக்காங்க இல்ல."

இணைப்பைத் துண்டித்துவிட்டு அவர் கண்களை மூடினாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். அத்தாவுல்லா அப்போதுதான் சத்தமாக, "இன்னா லில்லாஹி" என்றார்.

சித்திகா எழுந்து வெளியே போனாள். வாசல் இரும்புக் கேட்டில் எப்போதும் ஒரு பக்கம் மட்டும்தான் திறப்பது வழக்கம். ஜனம் வரவும் அவரைத் தூக்கிக்கொண்டு போகவும் அது போதாது. மற்றதன் கொண்டி துருவேறி இறுகிக் கிடந்தது. செங்கல் ஒன்றை எடுத்து நாலு தட்டுத் தட்டி, கொண்டியை மேலே இழுத்து, இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைத்தாள். தெருவிளக்கு வெளிச்சம் வாசல் முழுக்க வந்து விழுந்தது.