அட்சதைக்கு முழு அரிசி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு பிறந்த முதல் தை மாதம். காஜா பெராங் என்ற ஊரில் சிவகாமசுந்தரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அத்தை மகன் பொன்னுதுரைதான். பழைய எஞ்சின் ஒன்றைப் பூட்டி, கதிரடிக்கிற மெஷின் ஒன்றை அவனே செய்து வைத்திருந்தான். "நம்ம கல்யாணத்து அட்சதை இந்த மெஷின் அடிச்ச நெல்லுதான்" என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டான்.

வம்பு அங்கேதான் வந்தது. அட்சதைக்கு முனை முறியாத அரிசி வேண்டும் இல்லையா, கண்ணுகளா? மெஷினிலிருந்து விழுந்த நெல்லை உமி நீக்கிப் பார்த்தாலோ பாதிக்கு மேல் நொய்.

அத்தை அஞ்சலை முறத்தைத் தட்டிக் காட்டினாள். "இத வச்சுக் கஞ்சிதான் காய்ச்சலாம். பசார்க் கடையில எல்லாம் கேட்டுச் சிரிக்கிறாங்க லா! நாளைக்குள்ள சரியா வரலேன்னா நானே கையால அடிச்சுக்கிறேன். உன் மெஷின கோழிக்கூண்டாக்கிடு."

பொன்னுதுரையின் முகம் சுண்டிப்போனது. சிவகாமிக்கு மனசு கேட்கவில்லை. மணவறையில் அவன் தலைகுனிந்து உட்காருவதைப் பார்க்கவா இத்தனை நாள் காத்திருந்தாள்?

பொன்னுதுரை கதிரடிக்கும் உருளைக்குப் பெரிய புல்லியை, பெல்ட் ஓடும் சக்கரத்தை, மாட்டி வேகத்தைக் குறைத்தான். நொய் குறைந்தது, நிற்கவில்லை.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, சிவகாமி குனிந்து உருளைக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை.

"ஏன் மாமா இவ்ளோ நெருக்கி வச்சிருக்கே?"

"வைக்கோல்ல ஒரு மணி ஒட்டியிருந்தாலும், லட்சுமிய மாட்டுக்குப் போட்டுட்டேன்னு அம்மா அழுவாங்க புள்ள."

"அதுக்காக லட்சுமி இடுப்ப ஒடிப்பியா?"

அஞ்சலை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் மரையைத் தளர்த்தித் தட்டைக் கீழே இறக்கினான். எஞ்சின் மறுபடி உறுமியது. விழுந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி, சிவகாமி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதினாள். முல்லை மொட்டு மாதிரி முழு அரிசி!

ஆனால் வைக்கோலில் அங்கங்கே மணி ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அஞ்சலையைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு கற்றையை உருவிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். பிறகு முழுவதையும் வாரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இது என் கோழிங்களோட பங்கு. அதுங்களும் கல்யாண வீட்டு ஆளுங்கதானே?"

முகூர்த்தத்தன்று முதல் பிடி அட்சதையை வீசியது அஞ்சலைதான். வீசிய வேகத்தில் மாப்பிள்ளையின் மூக்கிலேயே விழுந்தது. வாசலில் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் மேளச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.