சிலுவையை முத்தி செய்யாதவர்

செத்தவர் சிலுவைமுத்து உள்ளறையில் கிடந்தார். வெளியே இருந்தவர்கள்: அறைக்கதவை மறித்து உட்கார்ந்திருந்த மனைவி தெரசாள், அடுப்பில் வெந்நீருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மகள் இன்பராணி, குளிப்பாட்ட முற்றத்தில் பெஞ்சைப் போட்டுவிட்டு நின்ற அண்ணன் மகன் ஜான்ராஜ், முழங்கால் வரை புழுதியோடு வந்து சேர்ந்த கோயில் உபதேசியார் யாக்கோபு.

"இன்னும் துக்கமணி அடிக்கலையேய்யா?" என்றான் ஜான்ராஜ்.

யாக்கோபு துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சாமியாரு யோசிக்காரு. மூணு பாஸ்குத் திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் இல்ல, பூசையில நன்மை வாங்கல. போன மாசம் அவரே வந்தாரு, வாசலோட அனுப்பிட்டீக. பெரிய வெள்ளிக்கிழம சிலுவையில வாய் வச்சு முத்தி செய்யாம வரிசைய விட்டுப் போன ஆளு. ஊரே பாத்துச்சு."

"சப்பரம் தூக்க விடலைன்னு கோவம். அந்த வீம்பு எங்க குடும்பத்துக்கே உண்டு."

"வேற காரணம் இருந்தாச் சொல்லுங்க. இல்லாட்டி கல்லறத் தோட்டத்துச் சுவத்துக்கு வெளியதான். நாண்டுக்கிட்டவுகளோட."

தெரசாள் கதவோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள்.

இன்பராணிக்குக் காரணம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முன்னால் வரிசையில் நாலு பேர்தான் இருந்தார்கள். அவர் வேட்டி பின்பக்கம் நனைவதைப் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் பார்த்தாள். தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, விறைத்த காலை இழுத்து இழுத்து அவர் வெளியேறினார். போனதைத்தான் ஊர் பார்த்தது.

பருத்தி வண்டி ஓட்டிய கால்கள் அதற்கு முந்தின வருஷமே மரத்துவிட்டன. "நரம்பு நோய். ஏறும், இறங்காது" என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்புக்கு ஏறியதும் மூத்திரம் சொல்லாமல் வந்தது. பிறகு மலமும். கோயிலிலிருந்து வந்த அன்றே இருவரிடமும் சத்தியம் வாங்கினார். "வெளிய தெரிஞ்சா வண்டிக் கயித்த எடுத்துருவேன்."

அதன்பின் வீடு அவர் வயிற்றைச் சுற்றியே நடந்தது. விடிந்ததும் ஒரு தடவை, கஞ்சிக்கு முன் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை என்று கலயத்தைப் பிடித்தார்கள். அப்படியும் தவறும். கட்டிலை எடுத்துவிட்டு ஆற்று மணலைச் சலித்துப் பரப்பி, மேலே சாக்கு, அதற்கு மேல் துணி. யுத்தகாலம், கடையில் துணி கிடையாது. அம்மாவின் கல்யாணச் சேலையும் கிழிபட்டது. வெளிக்கொடியில் போட்டால் கேள்வி வருமென்று அடுப்புக்கு மேலே காயப்போட்டதில் எல்லாத் துணியும் புகை நாறியது. அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். உதடு வெடித்தது. கிணற்றடியில் லிங்கம்மாள், "மூணு பேருக்கு எட்டுக் குடமா? வீட்டுக்குள்ள மீன் வளக்கீகளோ?" என்பாள். இன்பராணி சிரித்துவைப்பாள். பெண் பார்க்க வந்த காரியாபட்டிக்காரர்களையும் அம்மா உள்ளே விடவில்லை.

"வெயில் ஏறுது சின்னம்மா, விலகுங்க. தூக்கணும்" என்றான் ஜான்ராஜ்.

"யாரும் தொட வேணாம். நானே குளிப்பாட்டிக்கிறேன்."

"பங்காளி நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன். ஆம்பளப் பொணத்தப் பொம்பள குளிப்பாட்டுறதா?"

யாக்கோபு துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் வாரேன். வெளியவே குழி வெட்டச் சொல்லிருங்க."

"நில்லுங்கய்யா" என்றாள் இன்பராணி. "அவுக கோவத்துல போகல."

"ஏண்டி!" என்றாள் தெரசாள்.

"வேட்டியிலயே மூத்திரம் போயிட்டாக. அதான் போனாக."

"கோயிலுக்குள்ளயா?" ஜான்ராஜுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"உள்ள வந்து பாருங்கய்யா."

தெரசாள் மகளின் சேலையைப் பிடித்தாள். இன்பராணி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

யாக்கோபு மூக்கைப் பொத்தினார். மணலைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்தார். அவள் துணியை விலக்கியதும் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண்ணைப் பார்த்தார். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா சாமியாரு நன்மைய இங்கயே கொண்டாந்து குடுத்திருப்பாரேம்மா."

"இந்த நாத்தத்துக்குள்ள கொண்டாந்துருவாருன்னுதான் சொல்லல" என்றாள் இன்பராணி.

அவர் வெளியே வந்தார். "ஜான்ராஜு, ஓடிப்போயி மணி அடிக்கச் சொல்லு. சாமியாருகிட்ட நான் பேசிக்கிறேன்."

"குளிப்பாட்டு?"

"அத அவுக பாத்துக்கிடுவாக. நீ போலே."

ஜான்ராஜ் ஓடினான். மணிக்கு முன்னால் அவன் வாய் ஊரைச் சுற்றிவிடும் என்று இன்பராணிக்குத் தெரிந்தது. யாக்கோபும் தலையைக் குனிந்தபடி கிளம்பிவிட்டார்.

மணி கேட்கத் தொடங்கியபோது அவள் வெந்நீர்ப் பானையை இறக்கினாள். தெரசாள் எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"நானும் வாரேம்மா. ஒத்தையில உன்னால பொரட்ட முடியாது."

மூன்று வருஷமாகத் தோளை மகள் பிடிப்பாள், காலை அம்மா பிடிப்பாள்.

தெரசாள் திரும்பிப் பார்க்கவில்லை. பானையோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அந்தத் தாழ்ப்பாள் இறுக்கமானது, ஓங்கித் தட்டினால்தான் விழும். உள்ளே இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.