காற்றில் ஓட்டிய லேத்

தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் இரும்பைக் கடையும் லேத் மெஷினைத் தொட்டதில்லை. அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. கட்டடம், மெஷின், நாங்கள் போட்டிருந்த நீலச் சட்டை எல்லாமே வெளிநாட்டுக் கடனில் வந்தவை. கடன் கொடுத்தவர்கள் ஒருநாள் நேரில் வருவார்கள், பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த தவணை வரும் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"அதுவரைக்கும் ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்துச்சுன்னா உங்க அப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

பிளாஸ்டிக் மாஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தது என்னோடு பயிற்சிக்கு வந்த என் அக்கா.

பயிற்சி காற்றில் நடந்தது. மூடிய மெஷினுக்கு முன்னால் வரிசையாக நிற்போம். மாஸ்டர் "மாட்டு!" என்பார். இல்லாத இரும்புத் துண்டை இல்லாத சக்கில் வைப்போம். சக் என்பது இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் வட்டமான பிடி. "இறுக்கு!" என்றால் இல்லாத சாவியை அதில் செருகி இரண்டு கையாலும் திருகுவோம். "நிமிரு!" கைகளை விட்டுவிட்டு நேராக நிற்போம். "ஓட்டு!" கட்டைவிரலால் காற்றை அழுத்துவோம்.

அக்கா இதில் கெட்டிக்காரி. அவள் திருகினால் கழுத்து நரம்பு புடைக்கும். "காத்துல லேத் ஓட்டுறதுக்கு டாக்டர் பட்டம் இருந்தா எனக்குத்தாண்டி முதல்ல" என்பாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் செய்வதைச் செய்வேன். எழுந்து வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொண்டதால் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையைப் பிடித்து இழுத்துவந்து என்னை இங்கே சேர்த்ததும் அவள்தான். மாஸ்டருக்கு நான் ஊமைக்கோட்டான்.

கடைசியில் கடன் கொடுத்தவர்கள் வரும் தேதி முடிவானது. முந்தின நாள் உறையைக் கழற்றினார்கள். எலக்ட்ரீஷியன் வந்து கரண்ட் கொடுத்தார். மாஸ்டர் என்னிடம் துணியைக் கொடுத்து மெஷினைத் துடைக்கச் சொன்னார்.

அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மெஷினின் பக்கவாட்டில், இத்தனை நாள் உறைக்கு அடியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கர். எழுத்து வேறு மொழி. படத்துக்கு மொழி தேவைப்படவில்லை. சக்கிலேயே விடப்பட்ட சாவி பிய்த்துக்கொண்டு பறக்கிறது. எதிரே ஒரு மனிதன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிசல் கோடுகள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாட்டு, இறுக்கு, நிமிரு, ஓட்டு. மறுபடியும் சொன்னேன். சாவி எந்த இடத்தில் வெளியே வந்தது? வரவேயில்லை. காற்றில் சாவி கிடையாது. அதனால் அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எல்லோரையும்விட நன்றாகப் பழகியவள் அக்கா. நாளை ஓட்டிக் காட்டப் போகிறவளும் அவள்தான். 

"மாஸ்டர்…"

"அடேங்கப்பா, ஊமைக்கோட்டான் வாயத் திறந்துடுச்சு!"

எல்லோரும் திரும்பினார்கள்.  படத்தை மட்டும் விரலால் காட்டினேன்.

"ஸ்டிக்கரா? உரிச்சுக் கிரிச்சுத் தொலைச்சிடாத. அது இருந்தாத்தான் புதுசுன்னு தெரியும்."

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவிடம் சொன்னேன்.

"ஓட்டுறதுக்கு முன்னாடி சாவிய எடுத்துடணும்க்கா. இல்லன்னா மூஞ்சியில அடிக்கும்."

"பல்லியப் பார்த்தா பக்கத்து வீட்டுக்கு ஓடுறவ நீ. நாளைக்கு நான் ஓட்டணும், வயித்துல புளியக் கரைக்காத."

"எடுத்துடுவேன்னு சொல்லு."

"எடுத்துடுறேன் தாயே, ஆள விடு."

மறுநாள் காலை அக்கா ஒரு கிண்டல்கூடப் பேசவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

கடன் கொடுத்தவர்கள் சார்பில் உயரமான ஒரு அம்மாள் வந்தார். கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர், படம் எடுக்க ஒருவர். நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். அக்கா மட்டும் மெஷின் முன்னால். அவள் மேலுதட்டில் வேர்வை மின்னியது.

மாஸ்டர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "மாட்டு." அக்கா மாட்டினாள். "இறுக்கு." சாவியைச் செருகித் திருகினாள். நிஜ இரும்பு கிரீச்சென்றது. "நிமிரு."

அவள் கைகள் சாவியை விட்டுவிட்டு, தினமும் வருவதுபோல, இடுப்புப் பக்கம் வந்து நின்றன. சாவி சக்கிலேயே நட்டுக்கொண்டு நின்றது. அக்காவின் கண் அதைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. அவள் காற்றில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கத்து, கத்து என்று எனக்கு நானே சொன்னேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஓட்டு."

கட்டைவிரல் எழுந்தது. கால் எப்போது வரிசையை விட்டது என்று எனக்குத் தெரியாது. சாவி என் கைக்கு வந்ததும் சக் சுழலத் தொடங்கியதும் ஒன்றாக நடந்தன. அந்தச் சுழற்சியின் காற்று விரல் நுனியில் பட்டது.

மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மாள் ஏதோ கேட்டார்.

"இந்தப் பொண்ணு எதுக்கு நடுவுல வந்துச்சுன்னு கேக்குறாங்க" என்றார் மொழிபெயர்ப்பவர்.

மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். "அது… எங்க முறை மேடம். ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர். ஒருத்தர் ஓட்டுவாங்க, ஒருத்தர் சாவி எடுப்பாங்க."

அம்மாள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். "ஒரு மெஷின்ல ரெண்டு பேருக்கு வேலை, ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு சொல்றாங்க" என்றார் மொழிபெயர்ப்பவர். சாவியோடு என்னைப் படம் எடுத்தார்கள்.

மெஷினை நிறுத்திய பிறகுதான் அக்கா என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய்த் தன் கன்னத்தைத் தடவியது.

அடுத்த தவணை வந்துவிட்டது. இன்னும் பல ஊர்களில் இதே மாதிரி மையம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். இங்கே மெஷினுக்கு மறுபடியும் உறை போட்டார்கள். அக்காவுக்குச் சான்றிதழும் ஒரு பெரிய பட்டறையில் வேலையும் கிடைத்தன. எங்கள் அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

"அங்க ஒரு மெஷினுக்கு எத்தனை பேருக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு மெஷினுக்கு ஒரு ஆளாம்."

அன்றைக்குச் சமையலறையில் ஆரம்பித்தோம். என் முஷ்டிதான் சக், கரண்டிதான் சாவி. அக்கா என் முஷ்டியில் கரண்டிக் காம்பைச் செருகித் திருகுவாள். நான் சத்தமாகச் சொல்லுவேன். "மாட்டு. இறுக்கு. எடு. நிமிரு. ஓட்டு." பிறகு வாயே திறக்காமல் முஷ்டியை மட்டும் நீட்டுவேன். அவள் கை பழைய வழியிலேயே போகும். கரண்டி என் முஷ்டியில் நிற்க, அவள் விறைப்பாக நிமிர்ந்து நிற்பாள். அப்போதெல்லாம் கரண்டியால் அவள் கன்னத்தைத் தொடுவேன். அவள் பதறி விலகுவாள்.

"ரெண்டுக்கும் பேய் பிடிச்சிருக்கா? கரண்டிய வெச்சிட்டுப் போங்கடி" என்பாள் அம்மா.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட அக்கா ஒருமுறை மறந்தாள்.

காலையில் பட்டறை வாசல்வரை போனேன். கேட்டுக்குள் இருந்து எண்ணெய் நாற்றம் வந்தது. காவலாளி என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் வலது கை உயர்ந்தது. டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. காற்றிலிருந்து எதையோ பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மெஷின்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஓடத் தொடங்கும்போது என் முஷ்டி தானாக இறுகியது. எது அவளுடையது என்று வெளியே நிற்பவளுக்குத் தெரிய வழியில்லை.