எலிசியோ மாட்டிய ஸ்பிரிங்

முன் பிரேக்கை வில்மார் அழுத்தியதும் மோட்டார் சைக்கிளின் மூக்கு சர்ரென்று இறங்கி ‘டக்’கென்று அடித்தது. கணவன் எலிசியோவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிண்டாவுக்கு அந்தச் சத்தம் கூடத்துக்குள் கேட்டது. இரண்டாவது முறை கேட்டதும் எழுந்து வெளியே வந்தாள். காலடியில் தர்பூசணி விதைத் தோல்கள் நொறுங்கின. மூன்று நாளாக வந்தவர்கள் கொறித்துப் போட்டவை. பெட்டி வீட்டைவிட்டுப் போகும்வரை பெருக்கக் கூடாது.

“இத வந்து பாருங்க அண்ணி. ஸ்பிரிங்கா இது? வேகவச்ச நூடுல்ஸு. நான் ஏறி உக்காந்தாலே பாதி உள்ள போயிடுது.”

“நீ ஏறி உக்காந்தா லாரிகூடத்தான் பாதி உள்ள போகும்” என்றான் நோனோய். வண்டிப் பட்டறைக்காரன், எலிசியோவின் முப்பது வருஷச் சிநேகிதன். துடைப்புத் துணியோடு சுவரோரம் குந்தியிருந்தான்.

வில்மார் சிரிக்கவில்லை. எலிசியோவின் தம்பி அவன், தொண்ணூறு கிலோ. ஒரு மணிக்குச் சவ வண்டி வரும். ஊர்வலத்தில் அதற்கு முன்னே எலிசியோவின் வண்டி போக வேண்டும். பின்னால் பைக் கிளப் ஆட்கள் நாற்பது பேர் வருவார்கள். மலையேறும் வளைவுச் சாலைகளில் இருபத்தைந்து வருஷம் ஓடிய அந்தச் சிவப்பு ரேஸ் வண்டியை இன்று ஓட்டுவது தம்பிதான் என்று பேச்சில்லாமலே முடிவாகியிருந்தது.

“மேல பாருங்க. ஃபோர்க் குழாய் ரெண்டும் ரெண்டு விரக்கடை வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. மூக்கு தாழ்ந்துபோச்சு. பின்பக்கமும் எறக்கியாச்சு. அண்ணனுக்கு அந்த மாத்திரையில புத்தி மங்கிடுச்சு, பாவம். அடக்கம் முடிஞ்சதும் நான் எடுத்துட்டுப் போயி பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக்கறேன்.”

அந்த வேலையைப் பற்றி மிண்டாவுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் ஒரு சண்டைதான். இரண்டு மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட பிறகு, எலிசியோ பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றினான். கை நோனோயினுடையது, வாய் அவனுடையது. உள்ளே இருந்த பழசையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஸ்பிரிங், புது வால்வு, புது எண்ணெய். மூன்று வாரம் ஆனது.

“நாலு படி ஏற முடியல உன்னால. யாருக்காக இதெல்லாம்?” என்று அவள் கத்தினாள்.

“எண்ணெ கறுத்துப்போச்சு மிண்டா” என்றான். அவ்வளவுதான். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. இப்போது அவன் கடைசியாகச் செய்த வேலை தப்பாகிப்போனது என்று அவன் தம்பி வாசலில் நின்று சொல்கிறான். அதுவும் உண்மையென்றால் அந்த மூன்று வாரத்தில் மிச்சம் என்ன?

“நோனோய் அண்ணா, அவரு தப்பாதான் மாட்டினாரா?”

“சொன்னத செஞ்சேன். தப்பு ஒண்ணும் இல்ல.”

“எளச்சுப்போன ஒடம்புக்குத் தகுந்த மாதிரி மாட்டிக்கிட்டாரு அண்ணி. திரும்ப ஓட்டலாம்னு நெனச்சிருக்காரு” என்று வில்மார் குரலைத் தாழ்த்தினான்.

நோனோய் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான். “அப்பக்கூட அவன் அறுபத்திரண்டு கிலோ இருந்தான். இது நாப்பத்தேழு கிலோவுக்கு வரவழைச்ச ஸ்பிரிங்கு.”

உள்ளே கிழவிகள் ஜெபமாலை சொல்லும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மிண்டா ஊர்ச் சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி. எலிசியோவின் எடையைப் பார்க்க அங்கே போன அன்று, “என்னையே ஏத்துறியே, நீயும் ஏறேன்” என்று அவளையும் எடை மேடையில் ஏற்றிச் சிரித்தான். முள் நாற்பத்தேழில் நின்றது. அப்புறம் ஒரு காலை, வேலைக்கு நேரமாகிறது என்று பையோடு ஓடியவளை நிறுத்தி வண்டியில் உட்காரச் சொன்னான். நோனோய் பின்னால் பிடித்துக்கொள்ள, இவன் மண்டியிட்டுப் பள்ளிக்கூட ஸ்கேலால் முன் குழாயை அளந்தான்.

“என்னைய வச்சு என்ன அளக்குற?”

“வண்டியத்தான் அளக்குறேன். நீ மூச்சு விடலாம், பரவால்ல.”

பிரசவ அழைப்பு வந்த நேரமெல்லாம் மலைக் கிராமங்களுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவன் எலிசியோ. இருபத்திரண்டு வருஷம். அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் அவள் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தே அறிந்தவள்.

“நான் ஓட்டுறேன்” என்றாள்.

“அண்ணி, வேணாம். சந்தையில விழுந்தது மறந்துபோச்சா?”

“எப்பிடி மறக்கும்? முட்டைக்காரி மேல சாஞ்சா. அன்னிக்கு ஊருக்கே ஆம்லெட்டு” என்றான் நோனோய்.

அப்போது இதே வண்டியில் பெருவிரல்தான் தரையைத் தொட்டது. கியர் வண்டி பழகியவள்தான், ஆனால் நிறுத்தும்போது ஊன்றக் கால் எட்டவில்லை. கறுப்புப் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இப்போது ஏறினாள். வண்டி மெல்ல ஒரு மூச்சு இறங்கி நின்றது. இரண்டு குதிகாலும் தரையில் பட்டன. அவள் குனிந்து பார்த்தாள். மறுபடி அழுத்திப் பார்த்தாள். குதிகால்தான்.

வில்மார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். “இந்த வண்டி எனக்கு லாயக்கில்ல அண்ணி” என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அவள் நோனோயைப் பார்த்தாள். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

“சொல்லிடாத” என்றான் அவன் அவசரமாக. “சாவு வீடு. நன்றி கின்றினு சொல்லி என்னையும் அவன்கூட அனுப்பிடாத தங்கச்சி.”

சாவு வீட்டில் நன்றி சொன்னால் கேட்டவருக்கும் சாவு வரும் என்பது ஊர் நம்பிக்கை. அவள் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். மூன்று நாளாக வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான் விழுங்கியிருந்தாள்.

முன் குழாயைச் சுற்றி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். வில்மார் அடித்த பிரேக்கில் அது உச்சிவரை போயிருந்தது. நோனோய் அதைக் கீழே இறக்கிவிட்டு, குழாயை ஒருமுறை துடைத்தான்.

ஒன்றேகாலுக்குப் புறப்பட்டார்கள். சவ வண்டி பின்னால் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் நாற்பது இன்ஜின்கள். முனைக்கடை தாண்டியதும் வந்த பள்ளத்தில், வழக்கம்போல் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். மூக்கு அமிழ்ந்து எழுந்தது. கைக்கு அதிர்வு எதுவும் வரவில்லை. மாதாகோயில் பூசை முடிந்து, பாலத்து முனையில் சிமெண்ட் பெயர்ந்த இடத்திலும் அப்படியே. அதற்கப்புறம் அவள் தோளை இறுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். பெட்டியை இறக்க ஆட்கள் கூடினார்கள். அவள் முன் சக்கரத்துக்கு அருகே குந்தினாள். நாடா மேலே ஏறி நின்றிருந்தது. உச்சிக்கு இன்னும் மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. வழியில் எங்கும் அது ‘டக்’கென்று அடிக்கவில்லை.

அதைக் கீழே தள்ளக் கையைக் கொண்டுபோனவள், தள்ளாமல் எழுந்து போனாள்.