பலகை அவர்களுடையது, வாடகை நம்முடையது

ரசீதக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். மற்றபடி தெரு முழுக்க அவள் ரசீதக்காதான். முடி வெட்டிக்கொண்டு சலூனிலிருந்து வெளியே வருகிறவனைக்கூட மறித்து, "ரசீது வாங்கினியா?" என்று கேட்டுவிடுவாள் என்பார்கள். அவளுக்குக் கோபமே வராது. "சிரிங்க, நல்லாச் சிரிங்க. சீசன் வந்தா எங்கிட்டதானே ஓடி வரணும்" என்பாள்.

சீசன் என்றால் வரி சீசன். வருடத்தில் ஒரு சில மாதங்கள், ஊர் மொத்தமும் திடீரென்று பயந்துபோய், பைகளில் திணித்து வைத்த காகிதங்களைத் தூக்கிக்கொண்டு, கணக்கு எழுதித் தாக்கல் செய்யத் தெரிந்தவர்களைத் தேடி ஓடும் காலம். ரசீதக்கா பாதி ஆயுளை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த வேலையிலேயே கழித்தவள். ஆடிட்டருக்கு வயதாகி அலுவலகத்தை மூடியபோது, அவள் கையில் ஒரு நல்ல தொகையை வைத்து அனுப்பினார். அவளும் அவள் கணவர் பெயின்டரும் மொத்தமாகப் பார்த்த முதல் பணம் அதுதான். இனிமேல் அப்படி ஒன்று வரப்போவதில்லை என்பதும் இருவருக்கும் தெரியும்.

அலுவலகம் மூடினாலும் ஆட்கள் விடவில்லை. சலூன்காரர், டாக்சி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ், ரொட்டிக் கடை அண்ணன் தம்பி இருவர் எல்லோரும் வீடு தேடி வந்தார்கள். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். பெயின்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடி சாப்பிடுவார்.

"ஏம்மா, நான் உக்காரணும்னா டோக்கன் வாங்கணுமா?"

"வாங்குங்க. ரசீது போட்டுத் தரேன்."

ரசீதக்காவின் வேலையில் ஒரு முறை உண்டு. கணக்கெல்லாம் முடிந்து, எதிரே இருப்பவர் எழுந்திருக்கப் போகும் நேரத்தில், பேனாவைக் கீழே வைப்பாள். முகத்தை நேராகப் பார்த்து, "வேற ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான். பிறகு வாயே திறக்க மாட்டாள். சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதில்தான் எல்லாம் வெளியே வரும். மாடி அறையை வாடகைக்கு விட்டது வரும். ஞாயிற்றுக்கிழமை வேலை வரும். ஒருமுறை டாக்சிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்படி இருக்கையில்தான் கிளிப்பச்சைக் கம்பெனிக்காரர் வந்தார். அவர்கள் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கத் தோன்றும், அத்தனை இடத்தில் இருந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை, உள்ளே விளக்கு. வரிக் கணக்கு எழுதித் தருகிற கம்பெனி. ஆனால் கிளைகளை அவர்களே நடத்துவதில்லை. ஃபிரான்சைஸ். அதாவது நாம் பணம் கட்டி அவர்கள் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டும். கடை, ஆள், வேலை எல்லாம் நம்முடையது. வந்தவர் கழுத்திலும் அதே பச்சையில் ஒரு டை. பெயின்டர் அவருக்கு டைக்காரர் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்.

டைக்காரர் நல்ல மனிதர்தான். பேச்சு மட்டும் வெண்ணெய். "மேடம், உங்க அனுபவத்துக்கு எங்க பெயரும் சேர்ந்தா, அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது" என்றார். கடைத்தெருவில், சலவைக் கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். மேசை போடவும் கம்ப்யூட்டர் வைக்கவும் ஒயரெல்லாம் இழுத்துத் தயாராக இருந்தது. வேறோர் ஊரில் ஓடிக்கொண்டிருந்த கிளைக்கும் கூட்டிப் போனார். சீசன் உச்சத்தில் இருந்தது. வாசல் வரை வரிசை.

திரும்பி வரும்போது பெயின்டர் ரயிலில் வாய் ஓயாமல் பேசினார். "உன் தலைக்கு மேல லைட் போட்ட போர்டு. அதுக்குக் கீழ நீ. எத்தனை வருஷம் அடுத்தவன் பேருக்குக் கீழ உக்காந்து எழுதியிருப்ப?"

அந்தப் பச்சைப் பலகையும் அடுத்தவன் பெயர்தான் என்பது அந்த நேரம் இருவருக்குமே தோன்றவில்லை. ஊரையே கேள்வி கேட்கிற ரசீதக்கா டைக்காரரிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை, பாருங்கள். என்ன செய்வது? மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகியவளை, மேடம் மேடம் என்று அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். மனசு கொஞ்சம் மிதந்துவிட்டது. ஒப்பந்தம் போட நாள் குறித்தாகிவிட்டது. பெயின்டருக்குப் பொறுமை இல்லை. கட்டட உரிமையாளரிடம் சாவி வாங்கி, டப்பா டப்பாவாகக் கிளிப்பச்சையோடு கடைக்குப் போய்விட்டார்.

ஒப்பந்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், முழங்கை வரை பச்சையோடு வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"என்ன ராசி பாரு! சுவத்தச் சொரண்டினேனா, வெள்ளைக்குக் கீழ என்ன கலர் தெரியுமா? இதே பச்சை! அச்சு அசல் இதேதான். ஒரு கோட் மிச்சம்!"

ரசீதக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதே பச்சைன்னா?"

"ஷேடு கூட மாறலை. நான் பாத்துட்டுச் சொல்றேன். எனக்குத் தெரியாதா?"

"என்னங்க, அப்போ நமக்கு முன்னாடி அங்க யாரோ இந்தக் கடையையே வெச்சிருந்திருக்காங்க."

பெயின்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அட ஆமா" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் டைக்காரர் புதுப் பேனாவோடு வந்தார். கடையில் மூன்று நாற்காலிகள், ஒரு மடக்கு மேசை. ஒப்பந்தத்தைத் தடவி விரித்தார். ரசீதக்கா முழுவதையும் படித்தாள். பேனாவை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேற ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாமே இதுல இருக்கு மேடம்."

அவள் சும்மா இருந்தாள். பக்கத்துச் சலவைக் கடையில் இயந்திரங்கள் கடகடவென்று சுற்றின. டைக்காரர் புன்னகைத்தார். இவள் புன்னகைக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பெயின்டரும் சுவரைப் பார்த்தார். டைக்காரர் டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"இந்த இடத்துல... முன்னாடி ஒருத்தர் நடத்தினாரு. அவருக்குச் சரியா வரலை."

அவள் இன்னும் சும்மா இருந்தாள்.

"அவருக்கு முன்னாடியும் ஒருத்தர்" என்றார் டைக்காரர், தன் வாயைத் தானே நம்பாதவர் போல.

"அடப் பாவமே" என்றார் பெயின்டர்.

"கடைசியா நடத்தினவர் இப்போ என்ன பண்றாரு?"

"பஸ் ஓட்டறாரு மேடம்."

ரசீதக்கா காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்கு வாங்க தம்பி. டை நல்லாருக்கு, அதை இறுக்கிக்கோங்க."

பஸ் டிரைவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் நிலையக் கேன்டீனில் விசாரித்ததுமே கை காட்டினார்கள். நாற்பதைத் தாண்டியவர், கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவள் விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பச்சை இன்னும் சுவத்துல இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் புதுசா வேற அடிச்சிருக்கார்."

"போச்சுடா" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார். "அக்கா, நான் அவங்களைத் திட்ட மாட்டேன். பொய் ஒண்ணும் சொல்லலை. கூட்டம் வரும்னாங்க, வந்துச்சு. ஆனா சீசன்ல மட்டும்தானே வரும்? மத்த மாசமெல்லாம் ஈ ஓட்டினேன். பலகை அவங்களது, வாடகை நம்மது. நீங்க போய்ப் பார்த்த கிளை, எப்போ போனீங்க?"

"சீசன் உச்சத்துல."

"என்னையும் அப்பத்தான் கூட்டிட்டுப் போனாங்க." அவர் சிரித்தார். "இன்னொண்ணு. அவங்க பங்கை லாபத்துலருந்து எடுக்க மாட்டாங்க. வந்த வரவுலருந்தே எடுத்துடுவாங்க. விளம்பரத்துக்குன்னு தனியா வேற. நமக்கு நஷ்டம்னாலும் அவங்களுக்கு வரவுதான்."

அதை ரசீதக்கா படித்திருந்தாள். கணக்கும் போட்டு வைத்திருந்தாள். இறுக்கிப் பிடித்தால் தாங்கலாம் என்று நினைத்திருந்தாள். "அதுக்காகவா விட்டீங்க?"

"அதுக்காக விட்டேன். விட்ட பிறகுதான் வலிச்சுது." டிரைவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எங்கிட்ட வந்தவங்க அத்தனை பேரும் கம்பெனியோட ஆட்களாம். நான் வெளிய வந்தா இந்த வட்டாரத்துல யாருக்கும் கணக்கு எழுதக்கூடாது. தடை இன்னும் முடியலை. எங்கக்கா வீட்டுக்காரர், சொந்த அத்தான், அவர் கணக்கைக்கூட நான் தொடக்கூடாது. பை நிறையக் காகிதத்தை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார் மனுஷன்."

ரசீதக்காவுக்கு அங்கேதான் உறைத்தது. அந்த வரியையும் அவள் படித்திருந்தாள். யாரோ வருங்கால வாடிக்கையாளரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். இப்போது அந்த வரியில் சலூன்காரர் தெரிந்தார். நர்ஸ் தெரிந்தாள். அழுத டாக்சிக்காரர் தெரிந்தார். பணம் போனால்கூட அவள் எப்படியாவது எழுந்து நின்றுவிடுவாள். இவர்கள் இல்லாமல் எதை வைத்து எழுந்து நிற்பது?

மறுநாள் டைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இப்போ எங்கிட்ட வர்றவங்க என் ஆட்களாவே இருக்கட்டும். அதை மட்டும் எழுதிக் கொடுங்க. இங்கேயே, இப்பவே போடறேன் கையெழுத்து."

டைக்காரர் வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்தான் மேடம். ஒரு எழுத்தும் மாத்த மாட்டாங்க."

"அப்போ எனக்கு வேண்டாம் தம்பி."

"நல்லா யோசிச்சுக்கோங்க மேடம். இந்த இடம் நாளைக்கே போயிடும்."

"போகட்டும். யாராவது வந்தா, பஸ் நிலையக் கேன்டீன்ல ஒரு தேநீர் குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெயின்டர் சொன்னார்: "உனக்கு ஒரு போர்டு வெக்கணும்னு ஆசைப்பட்டேன்."

"வைங்களேன். என்னைக் கேட்டா வெப்பீங்க? உங்க கையில பிரஷ் இருக்கு."

"எங்க வெக்கிறது? சாப்பாட்டு மேசை மேலயா?"

அதற்கு விடை சலூன்காரரிடம் இருந்தது. அவர் கடையில் மூன்று நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் முடி வெட்டிய ஆள் ஓடிப்போய் வெகுகாலம் ஆகிறது. "சீசனுக்கு மட்டும் இந்த மூலையை எடுத்துக்கோங்க ரசீதக்கா. வாடகையும் சீசனுக்கு மட்டும் போதும். ஆனா ஒண்ணு, தரையில விழற முடியெல்லாம் என்னுது. அதுக்கு ரசீது கேக்கக்கூடாது."

பெயின்டர் மீதியிருந்த கிளிப்பச்சையை அந்த மூலைக்கு அடித்தார். "வீணாக்க முடியுமா?" என்றார். அதன் மேல் மஞ்சளில் பெரிதாக "ரசீதக்கா" என்று எழுதினார். சுற்றிலும் சின்ன விளக்குகளும் மாட்டினார். பார்க்கக் கொஞ்சம் பொம்மைக் கடை மாதிரிதான் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடிட்டர் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டரும் முதுகு வலிக்காத நாற்காலியும் வாங்கிக்கொண்டாள். மீதி வங்கியில் பத்திரமாக இருந்தது.

சீசன் வந்தது. வாசல் வரை வரிசை என்று சொன்னால் அது பொய். ஆனால் முடி வெட்ட வந்தவர்கள் கணக்கு கேட்டார்கள், கணக்கு எழுத வந்தவர்கள் முடி வெட்டிக்கொண்டார்கள். டாக்சிக்காரர் வந்தார். நர்ஸ் தன்னோடு வேலை பார்ப்பவளையும் அழைத்து வந்தாள்.

ஒரு காலையில் பஸ் டிரைவர் சீருடையோடு உள்ளே நுழைந்தார். பின்னால், ஒரு பெரிய துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, சாதுவாக ஒருவர்.

"அக்கா, இவர்தான் எங்க அத்தான். இவர் கணக்கை நான் தொடக்கூடாது. நீங்க தொடலாம்."

ரசீதக்காவின் முகம் மலர்ந்தது. "உக்காருங்க."

பையைப் பிரித்தாள். வேலை சுலபமாகத்தான் இருந்தது. கிடங்கு வேலைச் சம்பளம், வீட்டுக் கடன், வேறொன்றுமில்லை. டிரைவர் பக்கத்தில் நின்று, "எங்க அத்தான் கண்ணாடி மாதிரிக்கா, ஒளிவு மறைவே கிடையாது" என்றார். அத்தான் எழுந்திருக்கப் போனார். ரசீதக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேற ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க" என்றார் அத்தான்.

அவள் சும்மா இருந்தாள். சலூன்காரரின் கத்தரி ஒரு நொடி நின்றது. ஏணி மேல் நின்று விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த பெயின்டரும் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும்.

அத்தான் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமைகள்ல... பார்ட்டிகள்ல பாடுவேன். கொஞ்சம் காசு தருவாங்க."

"அத்தான்!" என்று டிரைவர் அலறியதில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் துள்ளிவிட்டார். "நீங்க பாடுவீங்களா?"

"சுமாரா" என்றார் அத்தான்.

ரசீதக்கா பேனாவை எடுத்தாள். "ரசீது தருவாங்களா?" என்று கேட்டாள்.