மூன்று கணினியா, ஒன்றா

வெள்ளிக்கிழமை பள்ளிக் கமிட்டி கூடுகிறது. வியாழன் மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் வாழைக்காய் மசியல் ஆறிக்கிடந்தது.

எல்கன் மலையடிவாரத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நான் கணினி டீச்சர், பெயர் நம்போசோ. எங்கள் பாடமெல்லாம் கை அசைவில்தான். விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் போனில் பார்த்துப் படிக்க, பாடங்களை வீடியோவாகச் செய்ய முடிவானது. எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள், எந்தக் கணினி என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கடைக்காரர் சொன்னதை நம்பி, மூன்று கணினிகள், வருடச் சந்தா கட்டும் மென்பொருள் என்று திங்கட்கிழமையே கமிட்டிக்கான பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் டேப்லெட் வாங்கச் சொன்னதும் நான்தான். ஒரே பருவத்தில் எல்லாம் செத்துப்போயின. அந்தப் பயத்தில், சோதித்துப் பார்க்க ஒரு கணினியை அந்த மென்பொருளோடு முன்னதாகவே அனுப்பச் சொல்லிக் கடையில் கெஞ்சி இரவல் வாங்கினேன்.

அறிவியல் ஆசிரியர் முகிடே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். அவருடைய மின்சாரப் பாட வீடியோவைத்தான் அந்தக் கணினியில் போட்டோம்.

கடைக்காரர் பெருமையாகக் காட்டிய பொத்தானை முதலில் அமுக்கினேன். சத்தமில்லாத இடங்களை மென்பொருளே வெட்டிவிடுமாம். இருபது நிமிடப் பாடம் நாற்பது நொடியானது. லாரி போன நேரமும் சேவல் கூவிய நேரமும் மட்டும் மிச்சம் என்று அவருக்குக் கையால் சொன்னேன்.

முகிடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னைத் தூக்கிட்டு சேவலை வாத்தியாரா போட்டுட்டாங்களே! சம்பளமும் அதுக்குத்தானா டீச்சர்?" என்று கைகளால் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதை விடுங்க சார். நீங்களே கண்ணால பாத்து வெட்டுங்க."

படம் திக்கித் திக்கி ஓடியது. கை ஓரிடத்தில் நிற்கும், பிறகு சட்டென்று வேறிடத்தில் இருக்கும். அரை மணி நேரம் போராடி ஒரு பகுதியை முடித்தார். என் போனில் போட்டுப் பார்த்தோம். திரையில் அவர் கைகள் இப்படிச் சொல்லின:

'ஈரக் கையால் கம்பியைத் தொடு.'

'தொடாதே' என்பதற்குக் கடைசியில் கையை ஒரு உதறு உதற வேண்டும். அதைக் காணோம்.

முகிடே அந்த இடத்தையே மறுபடி ஓட்டிப் பார்த்தார். "படம் அங்க நின்னுச்சு டீச்சர். வாக்கியம் முடிஞ்சிருச்சுன்னு வெட்டிட்டேன். பிள்ளைங்க வீட்ல தனியா பாப்பாங்களே!"

"உங்க மேல தப்பில்ல சார். நான் போட்ட கையெழுத்துதான் தப்பு."

தலைமையாசிரியர் வாசுகிராவின் அறை வாசலில் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாவது முறைதான் உள்ளே போனேன்.

"சத்தத்த வச்சு வெட்டுற மென்பொருள் நமக்கு உதவாது, இலவச மென்பொருளே போதும் சார். மூணு கணினிக்குப் பதிலா, அந்தக் காசுல படம் தடங்காம ஓடுற நல்ல கிராபிக்ஸ் கார்டோட ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்."

"மூணுன்னு பெத்தவங்ககிட்ட சொல்லியாச்சேம்மா! போன தடவை டேப்லெட்டு, இந்தத் தடவை இதுவா?"

வெட்டிய பகுதியைப் போட்டுப் போனை நீட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "நாளைக்கு நீயே சொல்லு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

கமிட்டியில் நான் பேசி முடித்ததும் ஒரு தாய் எழுந்தார். "போன தடவையும் இப்படித்தானே டீச்சர் அடிச்சுச் சொன்னீங்க?"

"ஆமாம்மா, சொன்னேன். அப்ப வாங்குறதுக்கு முன்னாடி நான் எதையும் சோதிச்சுப் பாக்கல. இந்தத் தடவை நம்ம பாடத்தையே போட்டுப் பாத்துட்டேன். அதனாலதான் வேண்டாங்கறேன்."

பிறகு, அந்த ஒரு கணினியையும் முகிடே சோதித்துச் சரியென்றால் மட்டுமே வாங்குவது என்று கை தூக்கினார்கள். எதிராக நான்கு பேர்.

புதிய கணினியை முகிடே மூன்று நாள் வைத்துச் சோதித்தார். கை எங்கும் தடங்கவில்லை. மின்சாரப் பாடத்தைத் திரும்ப வெட்டி, பிள்ளைகளின் வீட்டுப் போனுக்கு முழுதாக அனுப்பினோம்.

ஆறு ஆசிரியர்களுக்கு ஒரே கணினி. வரிசையில் நிற்பவர்கள் இன்றைக்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும். ஒவ்வொரு பாடத்தையும் அனுப்பும் முன் முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறேன்.