ஒபின்னாவுக்கு விழுந்த குலைகள்

மலேசியாவில் மெர்போக் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஒபின்னா என்ற நைஜீரியக்காரன் வேலைக்கு இறங்கிய முதல் காலையிலேயே, அவன் நடந்துபோன வரிசையின் குலைகள் அரிவாள் படாமல் கழன்று விழுந்தன. பழுத்தவை மட்டும்தான் விழுந்தன. காய்க்குலை ஒன்றுகூட அசையவில்லை, அவன்மேல் ஒரு முள்கூடப் படவில்லை. உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த நவமணி கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அவளுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. அவள் புருஷன் காளிதாசன் இளவயதிலிருந்தே நீளக் கம்பத்தில் அரிவாளைக் கட்டி, மரத்து உச்சியைப் பார்த்துக் குலை அறுத்தவன். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் கழுத்து மேலே பார்த்தபடியே நின்றுவிட்டது. பாலிங் ஊரில் ஒரு கிழவர் எண்ணெய் போட்டு நீவினார். இறங்கவில்லை. வேலைக்கு அது வசதிதான் என்றார் காண்ட்ராக்டர் ரவிச்சந்திரன். சோறுதான் சிரமம். நவமணி முக்காலியில் ஏறி நின்று மேலிருந்து ஊட்டுவாள், ரசம் மூக்கில் போகும். ஒபின்னா வந்தபின் கம்பம் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. விழுந்த குலைகளை வண்டியில் ஏற்றுவதோடு காளிதாசனின் வேலை முடிந்தது. கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஒரு நாள் அவள் புருஷன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அதற்கு வயதாகிவிட்டிருந்தது. குலை அறுக்கிற மற்ற ஆட்களை ரவிச்சந்திரன் அந்த மாதமே நிறுத்திவிட்டார். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒபின்னா படிக்க வந்தவன். அவன் சேர்ந்த கல்லூரி ஒரு வெள்ளிக்கிழமை பூட்டிக்கொண்டு போனது, விசாவும் அதோடு போனது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் பாஸ்போர்ட் பத்திரமான கையில் இருக்கணும் என்று ரவிச்சந்திரன் வாங்கி, நவமணியிடம் கொடுத்து வைத்தார். அவள் அதை பிளாஸ்டிக்கில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். கைபேசி வைத்திருந்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்று அதையும் வாங்கிக்கொண்டார்கள். அவன் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் நவமணியின் கைபேசிக்குத்தான் கூப்பிடுவாள்.

ஆண்டுக்கொரு முறை, அவன் நாட்டின் சுதந்திர நாளான அக்டோபர் முதல் தேதி, அவன் மனுஷனாக நிற்பான். பீடோங்கில் தையல் கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபா தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கியும் பச்சைத் தொப்பியும் போட்டுக்கொள்வான். உதிரிப் பழத்தை வேகவைத்து இடித்து எடுத்த சிவப்பு எண்ணெயில் சோறு கிளறுவான். ஒரு கொட்டையை உடைத்து முன்னோரை வேண்டி, வயதில் மூத்தவருக்கு முதலில் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அந்தக் கொட்டை இங்கே கிடைக்காததால் நவமணியின் பாக்கை உடைப்பான். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் சிரித்துக்கொண்டே சுற்றி நிற்பார்கள்.

"ஏ ஆப்பிரிக்கா, உங்க ஊர்ல எண்ணெய்க் கிணறே இருக்காமே, அப்புறம் எதுக்கு இங்க வந்து உதிரி பொறுக்குற?" என்பான் காளிதாசன், பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு.

"ரெண்டு எண்ணெய் இருந்துச்சுண்ணே. ஒண்ணு மரத்துல, ஒண்ணு மண்ணுக்குள்ள. மண்ணுல உள்ளதப் பாத்ததும் மரத்த விட்டுட்டோம். மண்ணுல உள்ளத பெரிய ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. இந்த மரமே எங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதான். எங்கப்பா இதுல ஏறிக் கள்ளு இறக்குவாரு."

"செம்பனையில கள்ளா? நல்லாக் கதை விடுற லா. அப்ப மரத்துக்கும் விசா முடிஞ்சிருக்குமே?"

"எங்க தாத்தாவும் கப்பல்ல வந்தாரு, மரமும் கப்பல்ல வந்துச்சு," என்பாள் நவமணி. "மரத்துக்கு மட்டும் உரம் போட்டாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஒபின்னாவும் சிரிப்பான். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே வெள்ளைக்காரன்தான் சுதந்திரம் கொடுத்தான், உங்களிடம் ரோடு இருக்கு, எங்களிடம் பாட்டு இருக்கு, ரோடும் ஒரு நாள் வரும் என்பான். பாட்டை நின்று பாடுவான். பாடி முடித்ததும் கையை நீட்டி, அக்கா, பாஸ்போர்ட், அம்மாவைப் பார்க்கணும் என்று கேட்பான். அடுத்த வருஷம் தம்பி என்பாள் அவள். அன்று மத்தியானம் தோட்டத்தில் விழும் குலைகளுக்கு லாரி போதாது.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவள் நவமணிதான். பீடோங்கில் கைபேசிக் கடையில் நிற்கும் ஷீலாவோடு ஒபின்னா பழகிய காலத்தில் அவன் விசிலடித்துக்கொண்டே வரிசையில் நடப்பான், ஒரு குலைகூட விழாது. காளிதாசன் மறுபடி கம்பத்தை எடுத்தான், கழுத்து மறுபடி ஏறத் தொடங்கியது. அவன் ஊரை நினைத்து ஏங்கினால்தான் மரம் கொடுக்கிறது, சந்தோஷமாக இருந்தால் கொடுப்பதில்லை என்று அவள் ரவிச்சந்திரனிடம் சொன்னாள். அவர் ஷீலாவின் அண்ணனைப் பார்த்துப் பேசினார். அடுத்த வாரம் ஷீலா ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து நவமணிக்கு ஒரு வேலை கூடியது. காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, உங்கம்மா எப்படி இருக்காங்க தம்பி, இப்ப என்ன சமைப்பாங்க, மழை பெய்யுமா அங்க, என்று கேட்க வேண்டும். அவள் நன்றாகக் கேட்பாள், குரலில் அத்தனை பரிவு இருக்கும். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பான், தேத்தண்ணி ஆறிப்போகும். இந்த அக்கா மட்டும்தான் என் அம்மாவைக் கேட்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். வருஷங்கள் இப்படியே போயின. காளிதாசன் கழுத்து நேராக நின்றது, தலையணை வைத்துப் படுத்தான்.

போன அக்டோபர் முதல் தேதி காலை தங்கை கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அல்ல. அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நவமணிக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. வெளியே ஒபின்னா அங்கியின் சுருக்கத்தைத் தண்ணீர் தெளித்து நீவிக்கொண்டிருந்தான். உள்ளே காளிதாசன் நேரான கழுத்தோடு முகம் சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். போய்ப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்தால் இவன் எதை நினைத்து ஏங்குவான் என்று அவள் கணக்குப் போட்டாள். கைபேசியை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"யாருக்கா போன்ல?"

"உன் தங்கச்சிதான் தம்பி. அம்மா நல்லா இருக்காங்களாம். எம் புள்ள எப்ப வருவான்னு உன்னக் கேட்டாங்களாம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கியோடு தோட்டத்துக்குள் போனான், பாக்கைக் காட்டில் உடைக்கிறேன் என்று. லயமே பின்னால் போனது, ரவிச்சந்திரன் லாரிகளோடு காத்திருந்தார். குலை எதுவும் விழவில்லை. மரங்கள் மண்ணுக்குள் இறங்கின. சத்தமில்லாமல், துக்க வீட்டில் ஆட்கள் தரையில் உட்காருவதுபோல, வரிசை வரிசையாக இறங்கி, மட்டைகள் நிலத்தில் படிய, குலைகள் முழங்கால் உயரத்தில் வந்து நின்றன. ஒபின்னா பக்கத்து மரத்தின்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு நவமணி பக்கம் திரும்பினான்.

"அக்கா, அம்மா எப்ப போனாங்க?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப காலையில என்னக் கேட்டது யாரு?"

நவமணி முந்தானை முடிச்சை இறுக்கினாள். "பாக்க உடைப்பா," என்றாள். "எல்லாரும் நிக்கறாங்க."

அவன் உடைத்தான். மூத்தவன் என்று காளிதாசனுக்கு முதலில் கொடுத்தான். பாட்டுப் பாடவில்லை. ரவிச்சந்திரன் அதற்குள் வரிசைகளை நடந்து பார்த்துவிட்டு வந்தார். இனி கம்பமும் வேண்டாம், இவனும் வேண்டாம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. அரிசிப் பானையிலிருந்து வந்த பாஸ்போர்ட்டைத் தட்டிக் கையில் கொடுத்து, தானே லாரியில் ஏற்றி பீடோங் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். "சுதந்திரம் கெடைச்சிருச்சு தம்பி, போ லா," என்றார். லாரியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வெள்ளை அங்கி தூரத்திலேயே தெரியும். பஸ் வருமுன் சீருடைக்காரர்கள் வந்தார்கள். விசா முடிந்தவர்களை வைக்கும் முகாமில் இருக்கிறான் என்று ஹனீபா சொன்னார். அப்புறம் அவரும் எதுவும் சொல்லவில்லை.

மரங்கள் மறுபடி மேலே வரவில்லை. மெர்போக்கில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பாலிங்கிலிருந்து இரண்டு பேர் வந்து இந்தக் குட்டைச் சாதிக்கு விதை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கைக்கெட்டுகிற குலைக்கு ஆம்பிளை எதற்கு என்று ரவிச்சந்திரன் காளிதாசனை நிறுத்திவிட்டு, கைக்கத்தியை நவமணியிடம் கொடுத்தார். பொம்பளை வேலை என்பதால் கூலி பாதி. காளிதாசன் வீட்டில் உட்கார்ந்து டிவியை நேராகப் பார்க்கிறான். நவமணி விடிந்ததும் காட்டுக்குப் போய், தரையில் கிடக்கும் மட்டையைக் காலால் விலக்கி, குனிந்து குலை அறுக்கிறாள். வரிசை முடியும்போது அவளால் நிமிர முடிவதில்லை. குனிந்தே அடுத்த வரிசைக்குப் போகிறாள்.